கடைசி வீட்டின் நிறம்

நீ இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். போன வாரம் தமிழம்மா வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் பிள்ளை வளர்ந்து வெளியூருக்கு வேலைக்குப் புறப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். நேர்மையாக இரு, தவறு செய்தால் ஒப்புக்கொள் என்று அதில் உனக்குப் பெரிய மனுஷி மாதிரி நிறையச் சொல்லியிருந்தேன். தமிழம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கயல் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் என் தோழி. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், அந்தக் கடிதம் உன் கைக்கு வரவே கூடாது என்று தோன்றியது. இதுதான் உனக்கு எழுதுகிற கடிதம். அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். ஹாலில் யாராவது புரண்டு படுத்தால் என் பேனா நின்றுவிடுகிறது. காலையில் கயல் வீட்டுக்கு டெம்போ வருகிறது. அவர்கள் முடிச்சூரை விட்டே போகிறார்கள். அதற்குள் கயலின் அம்மாவிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்வேனா என்று தெரியவில்லை. முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

என் அப்பாவைப் பற்றி நீ தவறாக நினைக்கக் கூடாது, அதனால் அவரிடமிருந்து தொடங்குகிறேன். எங்கள் தெரு இருக்கிற இடம் எங்கள் குடும்பத்து வயலாக இருந்தது. அப்பா அதை மனைகளாகப் பிரித்து விற்றார், மிச்சத்தை இன்னும் விற்கிறார். நாங்கள் இப்போது இருப்பது மெயின் ரோட்டை ஒட்டிய மேட்டுப் பக்கத்து மாடி வீடு. தெருவின் மறுகோடியில், பள்ளத்தில், எங்கள் பழைய வீடு இருக்கிறது. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பெரிய வெள்ளம் வந்தது. அப்போது அந்த வீட்டில்தான் இருந்தோம். தண்ணீர் வடிந்த அன்று அப்பா செய்த முதல் வேலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தில் ஓர் ஆணி அடித்தார். "கறைய எப்படியும் சுண்ணாம்பு அடிச்சி மறைச்சிடுவோம் பாப்பா. ஆணி இருந்தா ஞாபகம் இருக்கும். அரிசிய அதுக்கு மேலதான் வைக்கணும்" என்றார். அதன் பிறகு அந்தச் சுவர் பச்சையாக இருந்தது, ரோஸாக இருந்தது, இப்போது சந்தன நிறம். பெயின்ட் அடிக்கிறவர்கள் ஆணியின் மேலேயே அடித்துவிட்டுப் போவார்கள். ஆணி அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டை வாடகைக்கு விடும்போது, அது எதற்காக அடித்த ஆணி என்று அப்பா யாரிடமும் சொல்வதில்லை. கயலின் அம்மா அதில் காலண்டர் மாட்டியிருந்தார்.

ஆமாம், அந்தக் கடைசி வீட்டில்தான் கயல் இருக்கிறாள். அவர்களுக்குச் சொந்த ஊர் கோவளம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். அவள் அப்பா அங்கேயே தங்கிக் கடலுக்குப் போகிறார். அவள் அம்மா தெருமுனையில் மீன் விற்கிறார். கயல் என் வகுப்பில் வந்து சேரும்வரை அவரை நான் மீன்கார அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்புறம் ஆன்ட்டி என்று மாற்றிக்கொண்டேன். அவருக்கு அது சிரிப்பாக இருக்கும். "இன்னா, திடீர்னு ஆன்ட்டி ஆயிட்டேன்? நேத்துக்கூட வஞ்சிரம் மாதிரி வழுக்கிகினு போனியே" என்பார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவரை நீ ஒரு மனிதராகத் தெரிந்துகொள்ள வேண்டும். இனி நான் சொல்லப்போவதில் அவர் திரையில் ஒரு சின்னப் பெட்டியாகத்தான் வருவார்.

பள்ளியில் நானும் கயலும் ஒரே கம்ப்யூட்டரில் உட்காருவோம். நீ எந்த வேலைக்குப் போவாயோ தெரியாது, இதை மட்டும் கேட்டுக்கொள். ஒரு வலைப்பக்கத்துக்குள் மூன்று விதமான எழுத்து இருக்கும். பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது ஒன்று. அது என்ன நிறம், எவ்வளவு பெரிது, எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது இன்னொன்று. ஒரு பொத்தானைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது மூன்றாவது, அதைத்தான் நாங்கள் கோடு என்போம். கம்ப்யூட்டர் மிஸ் இவற்றைத் தனித்தனி ஃபைலில் எழுதச் சொல்வார். கயல் அப்படியே எழுதுவாள். அதனால் அவள் எதையும் நேரத்துக்கு முடித்ததே இல்லை. நான் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கலந்து போட்டு, முதல் ஆளாக மிஸ்ஸிடம் காட்டுவேன்.

"எதுக்குடி இத்தனூண்டு பேஜுக்கு மூணு ஃபைலு?" என்று அவளைக் கேலி செய்வேன்.

"நாளைக்கு கலர மாத்தணும்னா எங்கன்னு போய்த் தேடுவ?"

"நீ தேடிட்டே இரு. நான் முடிச்சிட்டுப் போய் சாப்புடுறேன்."

"சாப்புடு, சாப்புடு. அப்புறம் வயித்த வலிக்குதுன்னு என்கிட்ட வராத."

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், தெரு நலச் சங்கத்துக்கு ஒரு பக்கம் செய்து தருவதாக அப்பாவிடம் சொன்னேன். அவர்தான் செயலாளர். பக்கத்தில் தெருவின் ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டியாக இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அவரவர் தங்கள் பெட்டியை அமுக்க வேண்டும். பச்சையாக இருக்கும் பெட்டி சிவப்பாகும். சிவப்பு என்றால் தண்ணீர் என்று மேலே ஒரு கட்டமும் போட்டிருந்தேன். அப்பாவின் போனில் அந்த வீடு பட்டியலில் ஏறும், மணியும் அடிக்கும். அவர் ஆட்களை ஏற்றிவர டிராக்டரை அனுப்புவார். செய்து முடித்தபோது கயல் கேட்டாள், "கோட குடு, ஒரு தடவ பாக்குறேன்." நான் தரவில்லை. அவள் பார்த்தால் மூன்று ஃபைல் பாட்டைப் பாடுவாள் என்று எரிச்சல். அது மட்டும் இல்லை. உள்ளே எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்கே தெரியும். அந்தப் பட்டியலை நான் எப்படிச் செய்திருந்தேன் தெரியுமா? எந்த வீட்டில் தண்ணீர் என்று தனியாக எங்கும் குறித்துவைக்கவில்லை. எந்தப் பெட்டி சிவப்பாக இருக்கிறதோ அதைப் பட்டியலில் சேர் என்று எழுதியிருந்தேன். என் கோடுக்கு வீடும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. அதற்குத் தெரிந்தது சிவப்பு மட்டும்தான்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, சூப்பரா இருக்கு. இந்த சிவப்ப மட்டும் எடுத்துடேன்."

"ஏம்ப்பா?"

"நாளைக்கு மனை பாக்க பெருங்களத்தூர்லேர்ந்து ஒரு பார்ட்டி வராங்க. என் பொண்ணு செஞ்சதுன்னு காட்டலாம்னு பாத்தா, மேலயே செவசெவன்னு ஒரு கட்டம் போட்டு தண்ணின்னு எழுதி வச்சிருக்க. எவன் வாங்குவான்?"

"தண்ணி வந்தாதானேப்பா சிவப்பாவும்?"

"வந்தாலும் கொஞ்சம் சாந்தமா வரட்டுமே. நம்ம பழைய வீட்டுக்கு அடிச்சோமே, சந்தனக் கலர், அது போடு."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். தட்டை வைத்துவிட்டுப் போய், அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றினேன். அந்த ஒரே ஃபைலுக்குள் சிவப்பு எங்கெங்கோ சிதறிக் கிடந்தது. கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சந்தனமாக்கினேன். பட்டியலைச் சேர்க்கிற வரி கண்ணில் படவில்லை. அது சிவப்பையே தேடிக்கொண்டிருந்தது. இனி அந்தத் தெருவில் சிவப்பு என்று ஒன்று வரவே போவதில்லை. நான் அமுக்கிப் பார்த்தேனா என்று நீ கேட்பாய். அமுக்கினேன். பெட்டி அழகாகச் சந்தன நிறமானது. "சபாஷ்" என்றார் அப்பா. நான் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் தெருவுக்குள் தண்ணீர் வந்த நாளுக்கு முந்தின நாள் அப்பா சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டார்: "ஆளாளுக்கு எனக்குப் போன் பண்ணாதீங்க. பாப்பா செஞ்ச ஆப்ல அமுக்குங்க, அது போதும்." மறுநாள் காலையிலேயே பள்ளத்துப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. அப்பாவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவருக்குப் போன்தான் செய்தார்கள். அவர் சொன்னதை அப்படியே கேட்டவர் கயலின் அம்மா ஒருவர்தான். கயல் அன்று வீட்டில் இல்லை. தன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கோவளம் போனவள் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். போனிலேயே அவள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "அமுக்கிட்டேன்டி, கலரும் மாறிடுச்சி, வந்துடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் போனில் சார்ஜ் இல்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மாடியில் ஜன்னலோரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'உதவி தேவைப்படும் வீடுகள்: இல்லை' என்று வந்தது. எனக்கு ஒரே பெருமை. என்னவோ நான்தான் தெருவைக் காப்பாற்றியது போல. பெட்டிகளையும் கீழே வரை தள்ளிப் பார்த்தேன். கடைசிப் பெட்டி மட்டும் பச்சையாக இல்லை, வெளுத்திருந்தது. அது என் கண்ணில் பட்டது. இதை இதுவரை நான் எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. பட்டது, ஆனால் உறுத்தவில்லை. அப்பா கேட்ட மாதிரியே யாரையும் பயமுறுத்தாத நிறம் அது.

டிராக்டர் தெருவில் வந்து, போன் செய்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனதைக் கயலின் அம்மா ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. லிஸ்டில் இருக்கிறோம், அடுத்த நடையில் வருவார்கள் என்று சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்ததும், கதவைத் திறந்து பார்க்கலாம் என்று இறங்கியபோது, உள்ளே கிடந்த உடைந்த கண்ணாடியில் கால் வைத்துவிட்டார். குதிகால் பிளந்துவிட்டது. அந்தக் காலோடு திரும்பவும் மேடையில் ஏறியிருக்கிறார். சாயங்காலம், மிதந்து போன தன் கேஸ் சிலிண்டரைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒருவர்தான் அவரைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அந்தப் புண் அழுகி, ஆஸ்பத்திரி, ஊசி, கட்டு. இன்னும் அவரால் நின்று வியாபாரம் செய்ய முடியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியவில்லை. அதனால்தான் சொந்த ஊருக்கே போகிறார்கள்.

அவரைக் கொண்டுவந்த அன்றே நான் ஃபைலைத் திறந்தேன். தேட வேண்டியிருக்கவே இல்லை, அந்த வரி நேராக என்னைப் பார்த்தது. கடைசிப் பெட்டியைப் பச்சைக்குத் திருப்பிவிட்டு, சிவப்பா என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் சந்தனமா என்று கேட்கும்படி மாற்றினேன். அதாவது அதே தவறை வேறு நிறத்தில் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் நான் ஒப்புக்கொள்ள வந்தது நிறத்தை மாற்றியதை அல்ல. அது அவசரம், அறியாமை, திமிர், எது வேண்டுமானாலும் சொல். இந்தச் சத்தமில்லாத திருத்தத்தை நினைத்தால்தான் எனக்கு முகத்தைக் கழுவக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்பா எழுந்து, "ஆப்பு கரெக்டாதான் இருக்கு. எனக்கு மணியே அடிக்கல. அவங்க அமுக்கத் தெரியாம அமுக்கிட்டாங்க, பாவம்" என்றார். பொய் சொன்னதாக நினைக்காதே, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரியும். கயலின் அம்மா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு இன்னா தெரியும் சார். நான்தான் எதையோ மாத்தி அமுக்கிகினேன் போலக் கீது. உங்களுக்குத்தான் பேஜாரு" என்றார். அவர் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். நான் பின்வரிசையில் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் கொடுத்தேன். "தேங்க்ஸ் கண்ணு" என்றார்.

கயல் அப்படி விடவில்லை. கூட்டம் முடிந்ததும் அம்மாவின் போனை வாங்கி அவளே அமுக்கிப் பார்த்தாள். உடனே அப்பாவின் போனில் மணி அடித்தது. வேலை செய்கிறது. நான் சரிசெய்துவிட்டேனே. அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "உனக்கு எத்தினி தடவ சொல்லிக்குடுத்தேன்? கலர் மாறிடுச்சின்னு பொய் வேற சொல்ற. படிக்காதவ படிக்காதவன்னு நீயே சொல்லிச் சொல்லி..." என்று எல்லார் முன்னாலும் அம்மாவைத் திட்டினாள். திட்டிவிட்டு அழுதாள். அவள் அம்மா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், தவறு அதில் இருக்கிற மாதிரி.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீ கேட்டால், பயம். அப்பா அடிக்கமாட்டார். ஆனால் என்னை யாருக்காவது காட்டும்போது அவர் கண்ணில் ஒன்று வருமே, அது போய்விடும். கம்ப்யூட்டர் படிக்க அனுப்பமாட்டார்களோ என்று பயம். கயல் என்ன செய்வாள் என்று பயம். ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. இன்று சாயங்காலம் கயல் வந்து, டெம்போ சொல்லியாகிவிட்டது என்றாள். பெட்டி கட்ட என்னிடம் கயிறு கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

உனக்கு எழுதத் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பிரித்து மூன்று ஃபைலாக எழுதினேன், கயல் எழுதுவது போல. இப்போது ஒரு வீட்டில் தண்ணீர் வந்தால், அந்த வீட்டின் மேல் தண்ணீர் என்ற அடையாளம் விழும். பட்டியல் அந்த அடையாளத்தைத்தான் பார்க்கும். அந்த அடையாளத்துக்கு என்ன நிறம் என்பது வேறு ஃபைலில் ஒரே ஒரு வரி. அதை யார் எப்படி மாற்றினாலும் பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. செய்து முடித்தபோது அப்பாவின் ஆணிதான் ஞாபகம் வந்தது. ஆணி வேறு, பெயின்ட் வேறு என்று அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. நான்தான் பெயின்டிலேயே ஆணியை அடித்துவைத்தேன். நிறத்தை மறுபடியும் சிவப்பாக்கிவிட்டேன். ஊருக்குக் காட்டுகிற என் நேர்த்தியான முகத்தையும் என்னையும் இப்படிப் பிரித்து வைக்க யாராவது சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். விடியப்போகிறது. பால் வண்டிச் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

காலை நடந்ததை எழுதாமல் இதை உனக்குத் தர முடியாது. நான் போனபோது சாமான் ஏற்றி முடித்துவிட்டார்கள். கயலின் அம்மா டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் காலண்டர். அப்பா சாவி வாங்க வந்து கேட் அருகில் நின்றார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு நேரம் வரவில்லை.

"ஆன்ட்டி, நீங்க சரியாதான் அமுக்கினீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா கண்ணு?"

"அன்னிக்கு நீங்க அமுக்கினது சரி. கலரும் மாறிச்சி. என் கோடுதான் தப்பு. சிவப்ப சந்தனமா மாத்தினேன், அதான் லிஸ்ட்ல வரல. அப்புறம் யாருக்கும் சொல்லாம சரி பண்ணிட்டேன்."

"பாப்பா, வீட்டுக்குப் போ" என்றார் அப்பா.

நான் போகவில்லை. கயல் டெம்போவின் பின்னாலிருந்து இறங்கி வந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"தப்புப் பண்ணத விடு. ஏன்டி சரி பண்ணே? அப்படியே விட்டிருந்தா நானே கண்டுபுடிச்சிருப்பேனே. எங்கம்மாவ நான்..." என்றாள். அவள் அம்மாவின் பக்கம் திரும்பவும் முடியாமல், என்னைப் பார்க்கவும் முடியாமல் நின்றாள்.

கயலின் அம்மா என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அப்ப நான் சரியாத்தான் அமுக்கிகினேன்?" என்று மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றேன். டிரைவர் வண்டியைக் கிளப்பப் பார்த்தார். "இருப்பா, இன்னா அவசரம் உனுக்கு" என்று அவரை நிறுத்திவிட்டு, போனை எடுத்தார். கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பெட்டிகளைத் தள்ளித் தள்ளிக் கடைசி வரை வந்து, நாங்கள் எல்லாரும் பார்க்க, அழுத்தி அமுக்கினார். பெட்டி ரத்தம் மாதிரி சிவந்தது. அப்பாவின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அப்பா போனை எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. "எடு சார்" என்றார் கயலின் அம்மா. "கடைசி வூடு. தண்ணி வந்துடுச்சி."

அப்பா எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பயந்த அந்தப் பார்வைதான். வண்டி போய்விட்டது. கயல் கை காட்டவில்லை. இதை எழுதும்போது அந்த வீடு இன்னும் பட்டியலில் இருக்கிறது. காலி வீடு, சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பாவும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.